பிரேக் மிதித்தால் பின்பக்கம் வீசுகிறது, எங்கே பார்ப்பது?

அடுத்த கேள்வி திருத்துறைப்பூண்டியில் இருந்து. தம்பி வைத்திருப்பது 2013 மாடல் ஹேட்ச்பேக், ஓங்கி மிதித்தாலும் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் கிடையாது. மன்னார்குடி ரோட்டில் 70, 80-ல் போகும்போது ஆடு குறுக்கே வந்தது, ஓங்கி பிரேக் மிதித்தேன், பின்பக்கம் அப்படியே வலது பக்கம் வீசியது, அதற்கப்புறமும் அதே மாதிரி ஆகிறது, முன்னால் இரண்டு புது டயர் போட்டு அலைன்மெண்ட் பார்த்தும் சரியாகவில்லை என்கிறார். சாகுபடி நேரத்தில் டிக்கியில் உர மூட்டை ஏற்றுவேன் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். தம்பி, அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம், அதற்கு வருகிறேன்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டிகளில் இன்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரமும் முன்னால். சும்மா நிற்கும்போதே எடையில் அறுபது சதவீதம் அளவுக்கு முன்பக்கம்தான் இருக்கும். ஓங்கி மிதித்தால் இன்னும் முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரம் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பின் பிரேக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் நின்று வழுக்கும். லாக் ஆன சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் இருக்காது. முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் நேராகப் போகும், பின் சக்கரம் லாக் ஆனால் வண்டியே சுற்றும். அதனால்தான் முன்பக்கம் முதலில் லாக் ஆகிற மாதிரி கம்பெனியில் அமைத்து அனுப்புகிறார்கள்.

இப்போது நீங்கள் செய்த வேலையைப் பாருங்கள். புது டயர் இரண்டையும் முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் விட்டுவிட்டீர்கள். நிறையக் கடைகளில் இப்படித்தான் போடுகிறார்கள், ஆனால் எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. முன்னால் பிடிமானம் கூடினால் வண்டி இன்னும் வேகமாக நிற்கும், அதனாலேயே பின்பக்கம் இன்னும் லேசாகும், மொட்டை டயர் முதலில் வழுக்கும். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியது பின்னால்தான் போக வேண்டும். முன்னது பின்னதாக மாற்றிப் போடுங்கள், செலவே இல்லை. காற்றையும் கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்குச் சரி பண்ணுங்கள். டயரின் பக்கத்தில் இருக்கிற நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள், 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது டயரின் மேல் வரி, எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

அடுத்தது, ஏன் எப்போதும் வலது பக்கமே வீசுகிறது? நம் ரோட்டில் நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், ரோடும் இடது பக்கம்தான் சரிந்திருக்கும். வெறும் டயர் வழுக்கல் என்றால் பின்பக்கம் பெரும்பாலும் சரிவைப் பார்த்து இடது பக்கம் போகும். உங்களுக்கு மேட்டுப் பக்கம் ஏறுகிறது. அப்படியென்றால் இடது பக்கச் சக்கரம் அதிகமாகப் பிடித்து மூக்கை இடது பக்கம் இழுக்கிறது, அல்லது வலது பக்க பிரேக் சரியாகவே பிடிக்கவில்லை. மிதிக்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கினால் முன் காலிப்பரை, அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகத்தைப் பாருங்கள். கையில் ஒன்றும் தெரியாமல் சீட்டில் மட்டும் தெரிந்தால் பின் சக்கரத்து பிரேக் ட்ரம்மைக் கழற்றுங்கள்.

இரண்டு ட்ரம்மையும் ஒரே நேரத்தில் கழற்றச் சொல்லுங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு மூடினால் ஒன்றும் தெரியாது. ட்ரம்மின் உள்பக்கம் அழுத்திப் பிடிக்கிற பட்டைதான் ஷூ, அதைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. ஆயில் பட்ட ஷூ ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் கவ்வும், அதைத் துடைத்துப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஷூவை மாற்றுங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற ரோட்டிலும் வயலோரச் சேற்றிலும் ஓட்டுகிற வண்டிகளில் ஷூவின் இடைவெளியைச் சரி செய்கிற அட்ஜஸ்டரும் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருப்பிடித்து ஒரு பக்கம் மட்டும் இறுகிப்போவது சகஜம். கழற்றுவதற்கு முன்னாடியே ஒன்று செய்யலாம். பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி நிறுத்தி, தொடாமல் அளக்கிற தெர்மாமீட்டரால் இரண்டு ட்ரம்மின் சூட்டையும் பாருங்கள். வித்தியாசம் நிறைய இருந்தால் சூடானது உரசிக்கொண்டே வருகிறது, அல்லது ஆறிக் கிடப்பது வேலையே செய்யவில்லை.

இப்போது அந்த உர மூட்டை. ஏபிஎஸ் இல்லாத சில வண்டிகளில் பின்பக்கம் அடியில் ஒரு லோடு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ அச்சுக்குப் போகும். பாரம் ஏறி பாடி இறங்கினால், பின்னால் எடை இருக்கிறது என்று அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். மூட்டை ஏற்றி ஏற்றி வண்டியைத் தாங்குகிற பின் ஸ்பிரிங் உட்கார்ந்துபோனால் காலி வண்டியிலும் பாரம் இருக்கிற மாதிரியே அழுத்தம் போகும். வேதாரண்யம் உப்புக்காற்றில் அந்த வால்வின் லிவர் துருப்பிடித்து பாரம் இருக்கிற நிலையிலேயே நின்றுவிட்டாலும் இதே கதைதான். நீங்கள் தனியாக, காலி டிக்கியோடு போகும்போதுதான் வீசுகிறதா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றால் என் சந்தேகம் முதலில் இங்கேதான். அந்தப் பின் ஸ்பிரிங் உயரத்தை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, மேனுவலில் இருக்கிற அளவோடு ஒப்பிட்டு வால்வைச் சரி செய்ய வேண்டும். சும்மா அந்தக் கம்பியை வளைத்துவிடுகிறேன் என்று சொல்கிற பட்டறையில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பின் அச்சைப் பாடியோடு பிடித்திருக்கிற ரப்பர் புஷ், ஷாக் அப்சர்பர், பேரிங் ஆட்டம். புஷ் கிழிந்திருந்தால் மிதிக்கும்போது அச்சே கோணலாகத் திரும்பும், லீவர் வைத்து நெம்பினால் தெரிந்துவிடும். அலைன்மெண்ட் பார்த்தேன் என்கிறீர்கள், நான்கு சக்கரமும் பார்த்தார்களா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். முன்னால் மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கோளாறுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வேலை முடிந்ததும் ஆளில்லாத நேரான ரோட்டில், பகலில், 30-ல் ஆரம்பித்து மிதித்துப் பாருங்கள், சரியாக நின்றால் 50. அறுவடை நேரத்தில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்ட ரோட்டில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். வேலை முடிகிற வரைக்கும் தம்பி, 50-க்கு மேல் போகாதீர்கள், வாய்க்கால் கரை ரோட்டில் அதுவும் அதிகம்.