இசட்-80ஐ விடாத கால்குலேட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கருவி டிஐ-84 பிளஸ். சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அதை 2004இல் வெளியிட்டது. உள்ளே இருப்பதோ, ஸைலாக் நிறுவனம் 1976இல் கொண்டுவந்த இசட்-80 வகை ப்ராசசர். வேகம் 15 மெகாஹெர்ட்ஸ். மாணவருக்குக் கிடைக்கும் ரேம் சுமார் 24 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது.

போட்டியில்லாத நிறுவனத்தின் சோம்பல் என்று இதைச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் சுவையானது.

முதலில், எங்கே நேரம் போகிறது? இசட்-80க்குப் பெருக்கத் தெரியாது. பெருக்கலுக்கென்று அதில் கட்டளையே கிடையாது. கூட்டியும் இடம் நகர்த்தியும்தான் பெருக்க வேண்டும். போதாததற்கு, இந்தக் கால்குலேட்டர் எண்களை 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணாக வைப்பதில்லை. பத்தடிமான இலக்கங்களாகவே வைக்கிறது. ஓர் எண்ணுக்கு 9 பைட்: குறிக்கு ஒன்று, அடுக்குக்கு ஒன்று, மீதி ஏழில் 14 இலக்கங்கள். இது மெதுவான வழிதான். ஆனால் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 வரும். கணினியின் வழக்கமான இரும முறையில் கடைசி இலக்கங்களில் ஒரு பிசிறு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக் கணக்குக்கு இந்தத் தேர்வு சரியானது என்றே நான் சொல்வேன்.

வரைபடம் போடும்போது திரையின் 95 நெடுவரிசைகளுக்கும் சமன்பாட்டை ஒவ்வொரு முறை கணக்கிட வேண்டும். மூன்று சமன்பாடு கொடுத்தால் 285 முறை. அவசரமென்றால் விண்டோ அமைப்பில் எக்ஸ்ரெஸ் என்ற மதிப்பை 1இலிருந்து 4ஆக்கலாம். நான்கு நெடுவரிசைக்கு ஒருமுறை மட்டும் கணக்கிடும். வேகம் கூடும், ஆனால் இடையில் உள்ள கூர்மையான முகடு காணாமல் போகும். அதைவிட நல்ல வழி, தேவையில்லாத சமன்பாட்டின் சமக்குறிமேல் கர்சரை வைத்து என்டர் தட்டி அதை அணைத்துவிடுவது. பாதியில் நிறுத்த ஆன் பொத்தானை அழுத்தினால் போதும்.

பழைய சிப்போடு புதிய திரையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை 2013இல் வந்த டிஐ-84 பிளஸ் சி காட்டியது. கருப்பு வெள்ளைத் திரையில் 96க்கு 64 புள்ளிகள். முழுத்திரைக்கு 768 பைட் போதும். வண்ணத் திரையில் 320க்கு 240 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். மொத்தம் 1,53,600 பைட். இருநூறு மடங்கு வேலையை அதே 15 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் தலையில் கட்டினார்கள். வரைபடம் நத்தைபோல் ஊர்ந்தது. 2015இல் வந்த சிஇ மாடலில், இசட்-80இன் வாரிசான 48 மெகாஹெர்ட்ஸ் இஇசட்-80 வைத்த பிறகுதான் நிலைமை சீரானது.

அப்போதும் ஏன் அந்தக் குடும்பத்தையே பிடித்துக்கொண்டார்கள்? 1990இல் வந்த டிஐ-81 முதல் இந்த வரிசைக்கு எழுதிய மென்பொருள் இசட்-80 அசெம்பிளியில், அதாவது அந்த சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியில் வளர்ந்தது. இஇசட்-80 அந்தப் பழைய கட்டளைகளையும் புரிந்துகொள்ளும். பாடநூல்களோ எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று அச்சிட்டு வைத்திருக்கின்றன. மெனு இடம் மாறினால் ஆசிரியருக்குத்தான் தலைவலி. வேடிக்கை என்னவென்றால், பின்னால் பைத்தான் மொழியைச் சேர்க்க வேண்டிவந்தபோது, அதை ஓட்ட, கைப்பேசிகளில் புழங்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஏஆர்எம் சிப் ஒன்றைத் தனியாக உள்ளே வைத்தார்கள். புதியவர் உதவியாளர், தலைமை இன்னும் பழையவரே.

வேகமான கால்குலேட்டர் செய்யவே முடியாதா என்றால், 2013இலேயே எச்பி நிறுவனத்தின் பிரைம் கால்குலேட்டர் 400 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் சிப்போடு வந்தது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை, தேர்வுக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைக் கணிதத்தில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வு 1995 முதல் கிராஃபிங் கால்குலேட்டரை எதிர்பார்க்கிறது. ஆனால் அது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்கு விதி உண்டு. டிஐ-92இல் தட்டச்சுப் பலகை இருந்ததால் பல தேர்வுகளில் அனுமதி இல்லை. டிஐ-89 குறியீட்டு இயற்கணிதம் செய்வதால், அதாவது எண்ணில்லாமல் x, y கொண்ட கோவைகளையே சுருக்கித் தீர்ப்பதால், கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வில் தடை. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் ஏ-லெவல் தேர்வின் எச்2 கணிதத்திலும் கிராஃபிங் கால்குலேட்டர் வேண்டும், குறியீட்டு இயற்கணிதம் கூடாது. தேர்வை ஏமாற்றும் வழிகள் வெளியானதும், 2020இல் சிஇ மாடலில் அசெம்பிளி நிரல்களை ஓட்டும் வசதியையே நிறுவனம் எடுத்துவிட்டது. திறன் கூடுவது இந்தச் சந்தையில் ஆபத்து.

ஆகவே மெதுவான சிப்பை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது விலை. சிப்பும் நினைவகமும் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவோ மலிந்தும், கடையில் நூறு டாலரைத் தாண்டி விற்கிறார்கள். மாடலைச் சொல்பவர் ஆசிரியர், பணம் கட்டுபவர் பெற்றோர். விலை இறங்க யாருக்கு அவசரம்?

இதை அசைக்கத் தொடங்கியிருப்பது இன்னொரு கால்குலேட்டர் அல்ல. கணினியில் எழுதும் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு, திரையிலேயே டெஸ்மோஸ் வரைபடக் கருவியைத் தருகிறது, கூடுதல் கட்டணம் இல்லாமல். அந்தத் தேர்வுக்கு மட்டும் என்றால் தனியே வாங்க வேண்டியதில்லை. மற்றத் தேர்வுகளுக்கு வாங்குவோர் மெகாஹெர்ட்ஸைப் பார்க்க வேண்டாம். அந்தத் தேர்வின் அனுமதிப் பட்டியலை முதலில் பாருங்கள், பிறகு பழைய கருவிகள் விற்கும் இடத்தில் அதே மாடலைத் தேடுங்கள்.