நியூ ஆர்லியன்ஸ் டூர்: நாலு பானம், அஞ்சு கடை, எடுக்கலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். மத்ததெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம், ஏன்னா இதைப் படிச்சதுல இருந்து மனசு இதுலயேதான் நிக்குது. ஹூஸ்டன்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க, படிக்கிறேன்.

"சார், மே மாசம் நானும் என் வீட்டுக்காரரும் கார்ல நியூ ஆர்லியன்ஸ் போறோம். சாப்பாடும் காக்டெயிலும் சேர்ந்த நடை டூர் ஒண்ணு பார்த்தோம். மூணு மணி நேரம், அஞ்சு கடை, நாலு பானம். எடுக்கலாமா? அவர் அளவா குடிப்பார், நான் குடிக்க மாட்டேன். மாடு, பன்றி சாப்பிட மாட்டேன், மீன், கோழி சாப்பிடுவேன். அந்த ஊர்ல பெஸ்ட் காக்டெயில் எந்த பார்ல கிடைக்கும்?"

கடைசி வரியில இருந்து தொடங்குறேன். எந்த பார்னு கேட்காதீங்க, எந்த வேளைன்னு கேளுங்க. மெக்ஸிகோ சிட்டி பத்திப் பேசினப்பவே சொன்னேன், தொடர்ந்து பார்க்கிறவங்களுக்குத் தெரியும்: முதல்ல தட்டு, அப்புறம் கிளாஸ், வேளைக்கு ஒண்ணு. நியூ ஆர்லியன்ஸுக்கு இது இன்னும் நல்லாப் பொருந்தும். அந்த ஊர்ல ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு நேரம் உண்டு. நாலையும் மூணு மணி நேரத்துல அடுக்கினா எதுவுமே அதோட இடத்துல இருக்காது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவுல 'ஒரு டிரிங்க்'னா 14 கிராம் சுத்த ஆல்கஹால். உடம்பு தோராயமா மணிக்கு ஒண்ணுதான் கழிக்கும், ஒல்லியான ஆளுக்கு அதைவிடக் குறைவு. டூர்கள்ல வழக்கமா வர்ற பானங்களை எடுத்துக்கோங்க. பிம்ஸ் கப்: ஜின்ல பண்ணின பிம்ஸ்ங்கிற 25 சதவீத மது 37 மில்லி, மிச்சம் லெமனேடும் சோடாவும் வெள்ளரித் துண்டும். ஆல்கஹால் 7 கிராம், அதாவது நம்ம கணக்குல ஒரு ஸ்மால் கூட இல்ல. சாஸரேக்: ரை விஸ்கி 60 மில்லி, முழுசா ஒரு லார்ஜ். அதுல சோடா கிடையாது, கிளாஸ்ல ஐஸும் கிடையாது. அது ஒண்ணே ஒன்றரை டிரிங்க். பிராண்டி மில்க் பஞ்ச்: பாலும் ஜாதிக்காயும் இருக்கிறதால குழந்தைங்க பானம் மாதிரி இறங்கும், ஆனா உள்ள இன்னொரு லார்ஜ் இருக்கு. ஹரிக்கேன்: பழைய அளவுல ரம் மட்டுமே 120 மில்லி, ரெண்டு லார்ஜ். எலுமிச்சையும் பேஷன் ஃப்ரூட் சிரப்பும் அதை மறைச்சிடும். அது ஒண்ணே ரெண்டே முக்கால் டிரிங்க்.

கூட்டினா? நோட்டீஸ்ல நாலு, உடம்புக்குள்ள ஆறு, மூணு மணி நேரத்துல. அளவா குடிக்கிறவர் மூணாவது கடையில நிதானம் இழப்பார், நாலாவது கடைச் சாப்பாடு அவர் ஞாபகத்துலயே இருக்காது. அதுக்குத்தானே அவ்வளவு தூரம் போறீங்க?

அதனால டூரே வேண்டாம்னு சொல்லல. நல்ல வழிகாட்டி கூட வந்தா, தனியா போனா கண்ணுல படாத கடைக்குள்ள கூட்டிட்டுப் போவார். பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் எழுதிக் கேளுங்க. முதல் பானத்துக்கு முன்னாடி சாப்பாடு உண்டா? பானம் முழு அளவா, ருசி பார்க்கிற அளவா? கண்ணெதிர கலக்குறதா, காலையிலயே கலந்து ஜாடியில ஊத்தி வச்சதா? வழிகாட்டிக்கு நகர நிர்வாகத்தோட லைசென்ஸ் இருக்கா? அந்த ஊர்ல டூர் கைடுக்கு லைசென்ஸ் கட்டாயம். மழுப்பலா பதில் வந்தா விட்டுடுங்க. ஊரோட பழைய பகுதியான ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் மொத்தமே நீளத்துல 13 பிளாக், அகலத்துல ஆறேழு பிளாக்தான். நீங்களே நடந்துடலாம்.

கண்ணெதிர கலக்கணும்னு ஏன் வற்புறுத்துறேன்? சாஸரேக்கையே எடுத்துக்கோங்க. ஒரு கிளாஸை ஐஸ் போட்டுக் குளிர வைக்கணும். இன்னொண்ணுல ஒரு சர்க்கரைக் கட்டி, பெஷோ பிட்டர்ஸ்ங்கிற கசப்பு மூலிகைச் சாறு மூணு சொட்டு விட்டு நசுக்கணும். ரை 60 மில்லி, ஐஸ், அரை நிமிஷம் கரண்டியால கலக்கல். குலுக்கக் கூடாது, குலுக்கினா காத்து ஏறிக் கலங்கிடும். குளிர்ந்த கிளாஸ்ல இருக்கிற ஐஸைக் கொட்டிட்டு ஹெர்ப்ஸெயின்ட்ங்கிற சோம்பு மது கொஞ்சம் ஊத்தி, சுழட்டி, அதையும் கொட்டிடணும். அந்த சோம்பு வாசனை மட்டும் சுவர்ல ஒட்டியிருக்கணும். அப்புறம் வடிகட்டி, எலுமிச்சைத் தோலை மேல பிழிஞ்சு எண்ணெய் தெறிக்க விட்டா முடிஞ்சது. ஐஸ் இல்லாத பானம்ங்கிறதால கிளாஸோட குளிர்ச்சிதான் அதுக்கு உயிர். அதை பிளாஸ்டிக் கப்புல ஊத்தி வெயில்ல நடந்தா பத்து நிமிஷத்துல வெதுவெதுன்னு ஆகி வெறும் காரம்தான் மிஞ்சும். ஹெர்ப்ஸெயின்ட்டைக் கொட்டாம விட்டாலோ இருமல் மருந்து வாசனைதான் வரும். பல பேர் "சாஸரேக் எனக்குப் பிடிக்கல"ன்னு சொல்றது இப்படிக் கெட்டுப் போனதைக் குடிச்சுட்டுத்தான்.

சாஸரேக்கை 'உலகத்தின் முதல் காக்டெயில்'னு வழிகாட்டி சொல்லுவார். அது சரியில்ல. பெஷோங்கிற மருந்துக்கடைக்காரர் பேரைச் சொல்லித்தான் அந்தக் கதை வரும். 1806-லயே, அவர் சின்னப் பையனா இருந்தப்பவே, நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒண்ணு காக்டெயில்னா என்னன்னு விளக்கம் அச்சிட்டிருக்கு. ஆனா சாஸரேக்குக்கு உண்மையிலயே நல்ல வரலாறு இருக்கு. ஆரம்பத்துல அதுல ஊத்தினது கோன்யாக்ங்கிற பிரெஞ்சு பிராண்டின்னு சொல்றாங்க. பிரான்ஸ்ல ஃபிலாக்ஸெரா பூச்சி திராட்சைக் கொடியை அழிச்சதும் கோன்யாக் கிடைக்காம ரை வந்ததாம். கிளாஸ்ல சுழட்டிக் கொட்டினது முதல்ல ஆப்ஸிந்த்ங்கிற சோம்பு வாசனை மது, 1912-ல அமெரிக்கா அதைத் தடை பண்ணுச்சு. 1934-ல அதுக்குப் பதிலா ஹெர்ப்ஸெயின்ட் அந்த ஊர்லயே வந்தது. 2008-ல லூயிசியானா சட்டசபை இதை நியூ ஆர்லியன்ஸின் அதிகாரப்பூர்வ காக்டெயில்னே அறிவிச்சது.

சரி, வேளைக்கு வர்றேன். காலைச் சாப்பாடு நல்லா சாப்பிடுற நாள்ல, முட்டையோட, மில்க் பஞ்ச். மத்தியான வெயில்ல சார்ட்ரஸ் தெருவுல இருக்கிற நெப்போலியன் ஹவுஸ்ல பிம்ஸ் கப். சாயங்காலம் அஞ்சு மணி, டின்னருக்கு முன்னாடி, உட்கார்ந்து ஒரு சாஸரேக். இல்லேன்னா மான்டிலியோன் ஹோட்டல்ல வியூ கரே. ரை, கோன்யாக், ஸ்வீட் வெர்மூத் மூணும் சம அளவு, பெனடிக்டின்ங்கிற மூலிகை மது ஒரு டீஸ்பூன், ரெண்டு வகை பிட்டர்ஸ். 1930-கள்ல அந்த ஹோட்டல்லயே வால்டர் பெர்ஷரான் பண்ணினது. அங்க இருக்கிற காரசல் பார் 1949-ல வந்தது. 25 இருக்கை, கால் மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்தும். சாயங்காலம் கூட்டம் நெரியும், காலைல திறந்ததும் போனா இடம் கிடைக்கும், ஆனா வியூ கரே காலைல குடிக்கிற பானமில்ல. அதனால மூணரை, நாலு மணிக்கே போய் இடம் பிடிங்க. ஹரிக்கேனை நான் எந்த வேளைலயும் சேர்க்கல. ஆசைப்பட்டா ரெண்டு பேருக்கு ஒண்ணு, அன்னைக்கு வேற எதுவும் வேண்டாம்.

ராமோஸ் ஜின் ஃபிஸ் பத்தி ஒரு வார்த்தை. ஜின், எலுமிச்சை, கிரீம், முட்டை வெள்ளைக்கரு, ஆரஞ்சுப் பூ நீர் ரெண்டு மூணு சொட்டு. 1888-ல ஹென்றி ராமோஸ் பண்ணினது. பல நிமிஷம் குலுக்கணும், அவர் வரிசையா ஆள் நிறுத்திக் குலுக்க விட்டார். கூட்டமா இருக்கிற பார்ல இதை ஆர்டர் பண்ணாதீங்க. முப்பது செகண்ட் குலுக்கித் தருவாங்க, நுரை நிக்காது. பூ நீர் ஒரு சொட்டு கூடினாலும் சென்ட் பாட்டிலைத் திறந்த மாதிரிதான்.

இப்ப உங்களுக்கு, சகோதரி. குடிக்காதவங்களுக்கு அந்த ஊர்ல மூணு இடத்துல கவனம் வேணும். 'சோடாவுல பிட்டர்ஸ்'னு கொடுத்தா அது ஆல்கஹால் இல்லாததில்ல. பெஷோ பிட்டர்ஸ் 35 சதவீதம். சொட்டுக் கணக்குதான், இருந்தாலும் முடிவு உங்களது. ரெண்டாவது, பிரென்னன்ஸ் உணவகத்துல 1951-ல பிறந்த பனானாஸ் ஃபாஸ்டர்ங்கிற வாழைப்பழ இனிப்பு. மேசைக்குப் பக்கத்துல ரம் ஊத்திக் கொளுத்துவாங்க. நெருப்புல எல்லாம் போயிடும்னு நினைக்கிறோம், ஆனா கொளுத்தின பண்டத்துல ஆல்கஹால் முக்கால்வாசி தங்கிடும்னு அமெரிக்க விவசாயத் துறை அட்டவணை சொல்லுது. மூணாவது, பிரெட் புட்டிங் மேல ஊத்துற விஸ்கி சாஸ். தனியா வைக்கச் சொல்லுங்க. காபிக்கு கஃபே டு மொண்ட் போங்க, 1862-ல இருந்து இருக்கு. சிக்கரி கலந்த பால் காபி, நம்ம பில்டர் காபி நாக்குக்கு உடனே பிடிபடும். கூட பென்யேங்கிற பொரிச்ச மாவுப் பண்டம், சர்க்கரைத் தூள் மலையா இருக்கும், கருப்புத் துணி போட்டுட்டுப் போகாதீங்க.

சாப்பாட்டுல, நீங்க கேட்காம விட்ட கேள்விதான் எனக்கு முக்கியம்: கம்போங்கிற அந்த ஊர்க் குழம்பு நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டூர்ல சின்னக் காகிதக் கப்புல நாலு ஸ்பூன் தருவாங்க, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உட்கார்ந்து ஒரு கிண்ணம் சாப்பிடணும். அதுக்கு அடித்தளமான ரூங்கிற வறுத்த மாவு பத்தி முன்னாடி விரிவா பேசியிருக்கேன், சுருக்கமா சொல்றேன். எண்ணெயும் மைதாவும் சம அளவு, மிதமான தீ, கை எடுக்காம முப்பது நாற்பது நிமிஷம் கிளறணும், கருப்பட்டி நிறம் வர்ற வரைக்கும். நிறம் ஏற ஏற மாவோட கெட்டிப்படுத்துற சக்தி குறையும், ருசி கூடும். அதனால கருத்த ரூ போட்ட கம்போ தண்ணியாத்தான் இருக்கும், அது குறையில்ல. கூழ் மாதிரி கெட்டியா, வெளிறின நிறத்துல வந்தா அவசரப்பட்டிருக்காங்கன்னு அர்த்தம். கருப்புப் புள்ளி தெரிஞ்சா மாவு கருகிடுச்சு, கசக்கும். சரியான நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூணையும் கொட்டுவாங்க. அந்த ஈரம்தான் ரூ மேற்கொண்டு கருகாம நிறுத்துது.

கெட்டிப்படுத்த வெண்டைக்காய் இல்லேன்னா ஃபிலே. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையாக் கொண்டு வரப்பட்டவங்களோட வந்தது, ஃபிலேங்கிற சசாஃப்ரஸ் இலைப்பொடி சாக்டா பூர்வகுடி மக்கள் கொடுத்தது, ரூ பிரெஞ்சுக்காரங்களோடது. வெண்டைக்காயை முதல்லயே வதக்கி வழவழப்பை எடுத்திருக்கணும், நம்ம வீட்ல பண்ற அதே வேலைதான். ஃபிலேயை அடுப்பை அணைச்ச பிறகுதான் போடணும், கொதிச்சா நூல் நூலா இழுக்கும். கிண்ணத்துல அப்படி இழுத்தா சமையலறையில அதைக் கொதிக்க விட்டுட்டாங்க.

'ஸீஃபுட் கம்போ'ன்னு பேர் இருந்தாலும் ஆண்டூயி சாசேஜோ ஹாமோ இருக்கலாம், அது பன்றி. "ஸ்டாக்ல, சாசேஜ்ல, எதுலயாவது பன்றி இருக்கா?"ன்னு மூணையும் சேர்த்துக் கேளுங்க. திங்கக்கிழமை நிறைய கடையில ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ் இருக்கும், பீன்ஸ்தானேன்னு எடுக்காதீங்க, அதுலயும் வழக்கமா ஹாம் எலும்பு இருக்கும். உங்களுக்குச் சரியானது பொரிச்ச இறால் போ பாய். 1929 டிராம் வேலைநிறுத்தத்துல, முன்னாடி டிராம்ல வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் போராடினவங்களுக்கு இலவசமாக் கொடுத்ததுல பிரபலமான சாண்ட்விச். 'டிரஸ்டு'ன்னு சொன்னா லெட்டூஸ், தக்காளி, வினிகர்ல ஊறின வெள்ளரி, மயோனைஸ் வச்சுத் தருவாங்க. ரொட்டியோட மேல்தோல் மெல்லிசு, உள்ள பஞ்சு, ஈரம் பட்டா பத்து நிமிஷத்துல தொளதொளன்னு ஆயிடும். பார்சல் வேண்டாம், அங்கேயே சாப்பிடுங்க. பாதி சைஸ் ஒருத்தருக்குப் போதும்.

மே மாசம் நன்னீர்க் கல் இறால், அதாவது கிராஃபிஷ், நல்ல சீசன். பச்சை ஆய்ஸ்டர் சிப்பி விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. வளைகுடாத் தண்ணி சூடாகுற மாசங்கள்ல விப்ரியோ கிருமி கூடும். கல்லீரல் கோளாறோ சர்க்கரை வியாதியோ இருக்கிறவங்க பச்சையா சாப்பிடவே கூடாது. நெருப்புல வாட்டினதை எடுங்க.

தெருவுல கையில பானத்தோட நடக்கலாம், ஆனா பிளாஸ்டிக் கப்புலதான். கண்ணாடி கிளாஸோட வெளிய வரக் கூடாது. காருக்குள்ள அந்தக் கப் வரவே கூடாது, அது சட்டம். காரை ஹோட்டல்ல விட்டுட்டு நடங்க. திரும்புற அன்னைக்கு ஹூஸ்டனுக்கு அஞ்சரை, ஆறு மணி நேர ஓட்டம், அதனால கடைசி ராத்திரிக்கு அவருக்கு ஒரு பிம்ஸ் கப்புக்கு மேல வேண்டாம், இல்லேன்னா ஸ்டியரிங்கை நீங்க பிடிங்க.