கண்டம் தாண்டிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருடத்துக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஐசியுவில் இருந்து ஒருவரை வார்டுக்கு மாற்றினாலே, "கண்டம் தாண்டியாச்சு" என்று மூச்சு விடுகிறோம். அவரே வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்தும் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறினால், "இன்னுமா சரியாகலை?" என்று கேட்டுவிடுகிறோம். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

தசை கரைகிற வேகம் அப்படி. 2013இல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வில், ஐசியு நோயாளிகளின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறக்குறைய 18 சதவீதம் சுருங்கியிருந்தது. பத்தே நாள்! திரும்ப ஏற மாதக்கணக்கு ஆகும். நுரையீரல் கடுமையாகப் பழுதாகிப் பிழைத்தவர்களை டொரன்டோவில் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 2003இல் வந்த முடிவு: வருட முடிவில் சுமார் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அத்தனை பேரும் வயதானவர்கள் என்று நினைக்காதீர்கள், பாதிப் பேர் 45 வயதை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தவர்கள்.

சரி, உடம்பு பலவீனமாவது கண்ணுக்குத் தெரியும். மனசுக்குள் நடப்பது தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தவரிடம் ஆசையாய்ப் போய்ப் பேசினேன். மனிதர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இவங்கதாங்க உங்களைப் பார்த்துக்கிட்டாங்க" என்றார் அவர் மனைவி. அவரோ தரையைப் பார்த்தபடி, "என்னைப் படகுல கட்டிப்போட்டுக் கடல்ல தள்ளப் பார்த்தவங்க இவங்கதான்" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் ஒரு காலிப் படுக்கைக்கு அவரைக் கூட்டிப்போனேன். படுக்கைப் புண் வராமலிருக்க, மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும் மெத்தை அது. சுவிட்சைப் போட்டேன். பம்பு 'உர்ர்' என்றது. உள்ளங்கையை மெத்தைமேல் வைத்தார். ஒரு பக்கம் உப்பியது, மறுபக்கம் தாழ்ந்தது. "இதுதானா படகு?" என்றார். குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க மணிக்கட்டில் கட்டிய துணிப்பட்டைதான் கயிறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்த நான்தான், கடலில் தள்ள வந்தவள்!

மயக்க மருந்து, தூக்கமின்மை, நோய்த்தொற்று எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடுகின்றன. டெலிரியம் என்பார்கள். கனவு கலைந்துவிடும், இது நினைவாகவே தங்கிவிடும். அவரும் மூன்று மாதமாக இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களே!

அன்றிலிருந்து எனக்கு ஒரு நோட்டுப் பைத்தியம். படுக்கை அருகில் ஒரு நோட்டு. செவிலியரும் வீட்டாரும் தினம் நாலு வரி. "இன்று செவ்வாய். வெளியே மழை. மகள் வந்து கால் அமுக்கிவிட்டாள். நீங்கள் கண் திறக்கவில்லை." எழுந்த பிறகு அவர் தொலைத்த நாள்களை அவரே படித்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் பல காலமாக இருக்கும் வழக்கம்தான். நோட்டு வைத்தவர்களிடம் அதிர்ச்சிக்குப் பின்வரும் மனக்கோளாறு குறைந்ததாக 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. 2019இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, நான் நோட்டை விடுவதாக இல்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மறதி, கவனக்குறைவு பற்றி விரிவாகப் பேச வந்தேன், நேரமில்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முடி கொட்டும், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளரும். தண்ணீர் குடித்தால் புரையேறிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும்போது உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். ஐசியு வாசலில் கிடந்த வீட்டாருக்கும் தூக்கம் கெட்டுப் பயம் பிடித்துக்கொள்ளும். அவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.