ஒன்றுக்கு அடுத்து ஏன் நான்கு?

நேயர்களுக்கு வணக்கம். கிளட்சை மிதித்துக் கியர் மாற்றி வண்டி ஓட்டுகிற யாருக்கும் ஒன்றுக்கு அடுத்தது இரண்டுதான். யோசிக்காமலே கை போகும். சில அமெரிக்கக் கார்களில் அந்தக் கையைத் தடுக்கிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. முதல் கியரிலிருந்து லீவரை நேராகப் பின்னால் இழுக்கிறீர்கள். பாதி வழியில் எதிலோ முட்டுகிறது, வலப்பக்கம் ஒதுங்குகிறது, நான்காவது கியரில் போய் விழுகிறது. டேஷ்போர்டில் "1 – 4" என்று ஒரு விளக்கும் எரிகிறது.

முதல் முறை சந்திக்கிறவர்கள் கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறார்கள். கெடவில்லை. லீவரை அழுத்தி இரண்டுக்குள் திணிக்க மட்டும் முயலாதீர்கள். இதை மறுபடியும் சொல்கிறேன், அழுத்தாதீர்கள். உள்ளே கம்ப்யூட்டர் ஒரு சொலினாய்டை, அதாவது மின்சாரம் பாய்ந்தால் முள்ளைத் தள்ளுகிற கம்பிச்சுருளை இயக்கி, அந்தச் சிறு முள்ளால் வழியை அடைத்திருக்கிறது. அந்த முள்ளோடு மல்லுக்கு நின்றால் தேய்வது கியர்பாக்ஸின் பாகங்கள்தான்.

இது ஏன் வந்தது? அமெரிக்காவில் 1978-இல் எரிசக்தி வரிச் சட்டம் வந்தது. எரிபொருளை அதிகம் குடிக்கிற கார்களுக்குத் தனி வரி. இப்போதைய அளவுகோலில் கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போனால், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டருக்குக் கீழே, காருக்கு 1,000 டாலரில் தொடங்கி 7,700 டாலர் வரை வரி. மைலேஜை அளப்பது சாலையில் அல்ல, உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்துவைத்த வேகத்தில் ஓட்டி. அங்கே மெதுவாகக் கிளம்பும்போது நேரே நான்குக்குத் தாவினால் என்ஜின் சுற்று குறையும், எரிபொருள் மிஞ்சும். 1989 கார்வெட்டின் ஆறு கியர் பெட்டியில் வந்த இந்த ஏற்பாடு, பிறகு டி-56 என்ற ஆறு கியர் பெட்டி பூட்டிய கமாரோ, ஃபயர்பேர்ட் கார்கள் என்று பரவியது.

சோதனையில் சரி. சாலையில்? ஆறு கியர் கமாரோவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் நான்காவது கியர் போட்டால் என்ஜின் நிமிடத்துக்கு 850 சுற்றைக்கூடத் தொடாது. அதே வேகத்தில் இரண்டாவது கியர் என்றால் சுமார் 1,500. எண்ணூற்றுச் சொச்சத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறும், உதறும். நாற்சந்தியில் குறுக்கே திரும்பும்போது அப்படித் திணறுவது ஆபத்து. எனக்கு இதில் உள்ள முழுக் கோபமும் இங்கேதான்.

தடை எப்போதும் விழுவதில்லை. 1998 முதல் 2002 வரையிலான கமாரோவில் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் 76 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும், வேகம் 24-இலிருந்து 31 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் 21 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. மூன்றும் ஒருசேர இருந்தால்தான் முள் வரும். ஆக, 31-ஐத் தாண்டும்வரை முதல் கியரிலேயே இருந்துவிட்டு இரண்டுக்கு மாற்றினால் செலவில்லாமல் தப்பலாம். மற்ற மாடல்களில் இந்த எண்கள் கொஞ்சம் மாறும்.

நிரந்தரமாக நீக்க என்ன வழி? சொலினாய்டின் கனெக்டரைக் கழற்றி விட்டுவிட்டால் போதாதா? முள் வராது, உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் அந்த வயரைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. சொலினாய்டு சுருள் வழியாக மின்னழுத்தம் வந்து நிற்கிறதா என்று பார்க்கும். வரவில்லை என்றால் பி0803 என்ற பிழைக் குறியீட்டைப் பதியும். கழற்றிய கனெக்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, போட்டால் மின்னழுத்தம் வந்து நிற்கும், கம்ப்யூட்டர் திருப்தியடையும், தள்ளுவதற்கு முள்தான் இருக்காது. வழக்கமாகப் போடுவது 2.2 கிலோ ஓம். 14 வோல்ட்டில் அதன் வழியே போவது ஆறு மில்லி ஆம்பியர் சொச்சம், சூடு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். சுருளின் தடை அளவுக்கே குறைவாகப் போடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள், வேண்டாம். இருபது ஓம் போட்டால் பத்து வாட் சூடு, கனெக்டரே உருகிவிடும்.

இதையே இருபக்கமும் கனெக்டர் வைத்துத் தயாராகவும் விற்கிறார்கள். அதை வாங்குவது நல்லது. ஒரு முனை காரின் வயரில் மாட்டும், மறுமுனை சொலினாய்டின் வாயை மூடித் தண்ணீர் புகாமல் காக்கும். வயரை வெட்ட வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

வேலைக்கு இறங்கும் முன் எக்ஸாஸ்ட் ஆறட்டும். வண்டியை ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். கியர்பாக்ஸில் இன்னொரு சொலினாய்டும் இருக்கிறது, ஓடும்போது தவறி ரிவர்ஸில் விழாமல் காப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிற தவறு. உங்கள் காரின் வயரிங் படத்தில் வயர் நிறத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். கனெக்டரின் பூட்டு நாக்கு வெப்பத்தில் உலர்ந்து நொறுங்கும், மெதுவாக நெம்புங்கள். மாட்டியதும் வயரை எக்ஸாஸ்டிலும் சுழலும் தண்டிலும் படாமல் கட்டுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டரின் நிரலிலேயே இதை அணைக்கும் வழியும் உண்டு. அதற்கான கருவியும் பழகிய ஆளும் இருந்தால் ரெசிஸ்டரே தேவையில்லை. எந்த வழியானாலும் வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் கழற்றியது தவறான கனெக்டர். வணக்கம்.