பனிக்கடலும் ஒரு பாட்டில் ஃபர்னஸ் ஆயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கப்பலில் இன்ஜினியராக இருந்த காலத்தில் ஒருநாள் காலி ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் ஃபர்னஸ் ஆயில் பிடித்து, சாப்பாட்டு அறை ஃப்ரிட்ஜில் வைத்தேன். சமையல்காரர் கண்ணில் பட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. மறுநாள் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே இருந்தது அசையவில்லை. கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்த பிறகு ஓர் ஓரம் மட்டும் சோம்பலாக இறங்கியது. துருவக் கடல்களில் கப்பல் போக்குவரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பாட்டில்தான்.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்குகிற கசடுதான் ஃபர்னஸ் ஆயில். விலை மலிவு, அதனால் பெரிய கப்பல்களுக்கு அதுதான் தீனி. தொட்டிக்குள்ளேயே நீராவிக் குழாய் ஓட்டிச் சூடாக்கினால்தான் பம்ப் இழுக்கும். இன்ஜினுக்குள் போகும்போது 130 டிகிரியை ஒட்டி இருக்கும். 2020க்குப் பிறகு கந்தகம் குறைந்த வகைகள் வந்துவிட்டன. குளிரில் அவையும் ஒன்றும் சமர்த்துப் பிள்ளைகள் இல்லை.

இந்த ஆயில் பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீரில் கொட்டினால் என்ன ஆகும்? டீசல் மாதிரி ஆவியாகிப் போகாது. தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பல மடங்கு ஊதி, கூழ் போல ஆகிவிடும். கட்டி கட்டியாக மிதக்கும். பனிப்பாளத்துக்கு அடியில் புகுந்தால் பனியோடு சேர்ந்து எங்கோ போய், பனி உருகும்போது வெளியே வரும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கரையில் ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளியை வைத்து அள்ளினார்கள். ஒரு மாநகரத்தின் வாசலில், வெயில் காலும் கடற்கரையிலேயே வாளிதான் வழி என்றால், ஆளே இல்லாத பனிக்கரையில் யார் அள்ளுவது?

அங்கே தூரம் என்றால் எவ்வளவு தூரம் என்று சொல்கிறேன். 2023 செப்டம்பரில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற சுற்றுலாக் கப்பல் 206 பேருடன் கிழக்குக் கிரீன்லாந்தில் தரைதட்டியது. உதவிக்குக் கிளம்பிய டென்மார்க் ரோந்துக் கப்பல் அப்போது 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. கடைசியில் வேறொரு மீன்வள ஆராய்ச்சிக் கப்பல் வந்து மூன்று நாள் கழித்து இழுத்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எண்ணெயும் கசியவில்லை. நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நல்ல காலம் இல்லாத கதையும் உண்டு. துருவ எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே, அலாஸ்காவின் அலூஷன் தீவுகளில் 2004 டிசம்பரில் நடந்தது. செலண்டாங் ஆயு என்ற மலேசியச் சரக்குக் கப்பல் சியாட்டிலிலிருந்து சோயா மொச்சை ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. மெயின் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் லைனர், அதாவது உள்சுவர், விரிசல் விட்டது. அந்த சிலிண்டரை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஓட்டலாம் என்று இன்ஜினை நிறுத்தினார்கள். எங்கள் தொழிலில் இது புதிதல்ல. ஆனால் நிறுத்திய இன்ஜின் திரும்பக் கிளம்பவில்லை. குளிர்காலப் புயல். கப்பல் காற்றின் போக்கில் உனலாஸ்கா தீவை நோக்கி நகர்ந்தது. இழுவைக் கயிறு கட்டினார்கள், அறுந்துபோனது. ஆட்களை மீட்க வந்த ஹெலிகாப்டர் ஒன்று அலையடித்துக் கடலில் விழுந்து, கப்பல் ஊழியர்கள் ஆறு பேர் இறந்தார்கள். கப்பல் இரண்டாக உடைந்து, 12 லட்சம் லிட்டருக்கும் அதிகமான எரிபொருள் கடலில் கலந்தது. அது எண்ணெய்க் கப்பல்கூட இல்லை. தன் இன்ஜினுக்கு வைத்திருந்த எண்ணெய்தான் அவ்வளவும்.

இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2016 ஜனவரியிலிருந்து அந்தத் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைல் அகலத்துக்கு, நிற்காமல் கடந்துபோகிற பெரிய கப்பல்கள் நுழையாமல் விலகிப்போக வேண்டிய பகுதிகளைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வரைபடத்தில் குறித்தது. 50 மைல் என்பது உண்மையில் நேரக் கணக்கு. இன்ஜின் நின்ற கப்பல் கரையில் மோதுவதற்குள் ஓர் இழுவைக் கப்பல் வந்து சேர வேண்டுமே, அதற்கான அவகாசம். உனலாஸ்கா பக்கத்து டச்சு ஹார்பர் துறைமுகத்தில் அவசர இழுவைக் கயிறு, மிதவை எல்லாம் கட்டித் தயாராக வைத்திருக்கிறார்கள், ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் இறக்கலாம். வடக்கே பெரிங் ஜலசந்தியிலும் 2018 டிசம்பரிலிருந்து இதே போல விலகிப்போக வேண்டிய பகுதிகளைக் குறித்து, கப்பல்களுக்குப் பாதைகளும் வகுத்துவிட்டார்கள். வெறும் 85 கிலோமீட்டர் அகலமுள்ள வாசல் அது. திமிங்கிலமும் வால்ரஸும் அந்த வழியாகத்தான் போய்வருகின்றன, அவற்றை வேட்டையாடி வாழும் பூர்வகுடிகளின் சிறு படகுகளும் அங்கேதான். கப்பலின் புகைக்கரி பனியில் படிந்து உருக்குவது, புரொப்பெல்லர் இரைச்சல் திமிங்கிலங்களை விரட்டுவது எல்லாம் தனிப் பேச்சுக்கு உரியவை. வேகத்தைக் குறைத்தால் இரைச்சலும் குறையும் என்பதோடு விடுகிறேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஜனவரி 1 முதல் துருவக் கடல்களுக்கென்றே ஒரு விதித்தொகுப்பு நடப்பில் இருக்கிறது. எந்த அளவு பனிக்கு எந்த உறுதியுள்ள கப்பல், எண்ணெய்க் கழிவு ஒரு சொட்டும் கடலில் விடக்கூடாது, இப்படி. தெற்கே அண்டார்க்டிகாவில் அதற்கும் முன்பே, 2011 ஆகஸ்டில், ஃபர்னஸ் ஆயிலை எரிக்கவும் கூடாது, ஏற்றிச் செல்லவும் கூடாது என்று முடித்துவிட்டார்கள். வடக்கே அந்தத் தடை வர 2024 ஜூலை ஆயிற்று. அதிலும் ஓட்டை. எரிபொருள் தொட்டிக்கு இரட்டைச் சுவர் இருந்தால் 2029 ஜூலை வரை விலக்கு. கரையோர நாடுகள் தங்கள் கொடி பறக்கும் கப்பல்களுக்கு அதுவரை தனியாகச் சலுகையும் கொடுக்கலாம். தெற்கே சொந்தம் கொண்டாட ஊர்மக்கள் இல்லை, வியாபாரமும் கொஞ்சம், அதனால் தடை சுலபமாக வந்தது. வடக்கே சுரங்கம், எரிவாயு, சரக்கு விலை என்று ஆயிரம் கணக்கு. நார்வே மட்டும் காத்திருக்காமல், வடதுருவப் பக்கம் இருக்கிற தன் ஸ்வால்பார்டு தீவுகளின் கடற்பகுதியில் 2022லேயே தடுத்துவிட்டது. முடியும் என்பதற்கு அது போதும்.

இரட்டைச் சுவர் நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாறையில் இரண்டாக உடைகிற கப்பலுக்கு எத்தனை சுவர் இருந்து என்ன? கொட்டிய பிறகு அள்ள முடியாத சரக்கை அங்கே கொண்டுபோகவே கூடாது என்பது என் கட்சி. டீசலும் விஷம்தான். 1989இல் அண்டார்க்டிகாவில் பாஹியா பராய்சோ கப்பல் மூழ்கி டீசல் கசிந்தபோது கரையோரச் சிற்றுயிர்கள் செத்தன. ஆனாலும் டீசலில் பெரும்பங்கு ஆவியாகவாவது செய்யும்.

கடைசியாக, கரையில் இருப்பவர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம். தடைக்கோட்டைத் தாண்டுமுன் ஃபர்னஸ் ஆயிலிலிருந்து டீசலுக்கு மாற்ற வேண்டும் அல்லவா? ஸ்விட்ச் தட்டுகிற வேலை இல்லை அது. 130 டிகிரியில் இருக்கிற பம்புக்குள் குளிர்ந்த டீசலைச் சட்டென்று விட்டால் பம்ப் இறுகிப் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும். எண்ணெயின் சூடு நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது கணக்கு. அதனால் பனி கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்னால், கரையிலிருந்து தள்ளி, அமைதியான கடலில் இதைத் தொடங்கிவிட வேண்டும். நேரம் மிச்சம், காசு மிச்சம் என்று கோட்டுக்குப் பக்கத்தில் போய் அவசரமாக மாற்றினால், சுத்தமான எண்ணெயோடு இன்னொரு செலண்டாங் ஆயு மிதக்கும். எங்கே தொடங்கினோம், எத்தனை மணிக்கு முடித்தோம் என்று இன்ஜின் ரூம் லாக் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். துறைமுகத்தில் ஆய்வுக்கு ஏறுகிற அதிகாரி தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடாமல் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

வணக்கம்.