இயர் பிளக் கொடுத்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களிலும் மர அறுவை மில்களிலும் குளச்சல் விசைப்படகுகளின் இஞ்சின் அருகிலும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே, இரைச்சலிலிருந்து காதைக் காப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். உட்காதில் இருக்கிற நுண்ணிய மயிரணுக்கள் அந்த இரைச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். செத்தது திரும்ப முளைக்காது. வலியும் தெரியாது. டிவி சத்தம் கூடிக்கொண்டே போவதை வீட்டுக்காரம்மாதான் முதலில் கவனிப்பார்.

"காதை அடைக்கிற பிளக் கொடுத்தாச்சு, போடாதது அவன் தப்பு" என்பார்கள் முதலாளிமார். பெயர் வேண்டாம், ஒரு கிரஷரில் ஆபரேட்டர் பிளக்கைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "சார், கல்லை நொறுக்குற ஜாவில் கல்லு சிக்கினா சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான் நான் மெஷினை நிறுத்துவேன். காதை அடைச்சா எப்படி?" நியாயமான பேச்சுதானே! அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அப்புறம் முதலாளியும் ஆபரேட்டரும் உட்கார்ந்து பேசினார்கள். கல் சிக்கினால் மேலே நிற்பவர் கை காட்ட வேண்டும் என்று முடிவானது. சத்தம் குறைய, ஆடிக்கொண்டிருந்த சல்லடையின் போல்டுகளை மெக்கானிக் முறுக்கினார். கல் விழும் தகரச் சரிவில் முதலாளி ரப்பர் பாய் ஒட்டினார். ரப்பர் விளைகிற குமரி மாவட்டத்தில் இதற்கா பஞ்சம்? ஆபரேட்டருக்குக் கண்ணாடி வைத்த அறையும் வந்தது. இவ்வளவுக்கும் பிறகுதான் பிளக். கொடுத்தாச்சு என்பதோடு முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தொழிலாளிக்கும் பங்கு உண்டு. பஞ்சு வைத்தால் போதாது. நுரை பிளக்கை உருட்டி, மறு கையால் காதை மேலே பின்னால் இழுத்து, முழுக்க உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரிய பயனில்லை. சூப்பர்வைசரும் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அவர் வெறுங்காதோடு வந்தால் யார் போடுவார்கள்?

நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். படகுக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வைத்திருந்தது இன்னொரு நாளைக்கு. ஒன்று மட்டும்: இரைச்சலால் காது கேளாமல் போவது தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே காது பரிசோதனை செய்து, பின்னாளில் காது மந்தமானால் ஒப்பிட்டுக் காட்ட அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். வணக்கம்.