சளியில் ஒன்றும் இல்லை

(இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு சிறிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். இடையில் வந்த இருமல், சிரிப்பு, மைக் கோளாறு எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, அக்காமார்களே, வாசலோரம் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

வாசலோரத்தைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பீடி சிகரெட்டைப் பற்றிக் கூட்டம் போட்டால், யாருக்காகப் போடுகிறோமோ அவர்கள் அங்கேதான் நிற்பார்கள். இடையில் ஒன்று இழுத்துவிட்டு வர அதுதான் வசதி. உள்ளே வந்து உட்காருங்கள். ஏசுவதற்காக நான் வரவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் இருந்தவன் நான். ஏச்சு வாங்கி யாரும் பீடியை விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்குத் தந்த தலைப்பு, "புகைப்பவர்கள் ஏன் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வருவதில்லை?" என்பது. நோட்டீஸில் பார்த்ததுமே ஒரு சங்கடம். வருவதில்லை, சரி. எங்கே வருவதில்லை? பொகவந்தலாவையில் ஒருவர் நாளைக் காலை எழுந்து, "எனக்கு இருமல் இல்லை, வலி இல்லை, ஆனால் முப்பது வருஷமாகப் பீடி குடிக்கிறேன், என் நெஞ்சைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கிளம்பினால் எந்தக் கதவைத் தட்டுவார்? பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிப் பார்க்கச் சுவநாரி கிளினிக் இருக்கிறது. நுரையீரலுக்கு அப்படி ஒரு தேசியத் திட்டம் நம் நாட்டில் இல்லை. இல்லாத கதவைத் தட்டவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்தப் பரிசோதனை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. ஸ்கேன். ஊசி இல்லை, மருந்து இல்லை, படுத்து மூச்சைப் பிடித்தால் சில நொடியில் முடிந்துவிடும். அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு இந்த ஸ்கேனும் மற்றப் பங்குக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் வருஷம் ஒன்றாக மூன்று தடவை எடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைவு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. அதில் ஆண்களிடையே 24 சதவீதம் குறைவு. எக்ஸ்ரேயை மட்டும் எடுத்து முன்கூட்டிப் பார்ப்பதால் சாவு குறைவதில்லை என்பதும் 2011இலேயே தெரிந்துவிட்டது. "வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்கிறேன், எனக்கென்ன" என்று நிம்மதியாக இருக்கும் சில உத்தியோகத்தர்களை எனக்குத் தெரியும். இது அவர்களுக்கு.

20 சதவீதம் என்றால் பெரிதாகக் கேட்கும். அதையே வேறு மாதிரிச் சொன்னால், அந்த ஆய்வில் 320 பேரை ஸ்கேன் பண்ணியதில் ஒரு உயிர் கூடுதலாகத் தப்பியது. ஸ்கேனில் "ஏதோ இருக்கிறது" என்று சொல்லப்பட்ட நூறில் 96 கடைசியில் புற்றுநோயாக இருக்கவில்லை. இது அமெரிக்கக் கணக்கு. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், நெருங்கி வாழ்ந்து, பழைய டீபி (காசநோய்) தழும்புகளை நெஞ்சுக்குள் வைத்திருக்கும் நம் ஆட்களை அதே மெஷினில் படுக்க வைத்தால், வீணான சந்தேகம் இன்னும் கூடும். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் திரும்ப ஸ்கேன், சில பேருக்குக் குழாய் விட்டுப் பார்ப்பது, சதை எடுத்துப் பார்ப்பது. தேர்தல் வந்தால் மெஷின் வாங்கித் தருகிறோம் என்பார்கள். படத்தை வாசிக்க ஒருவர், சதை எடுக்க ஒருவர், நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய ஒருவர், இவர்களை யார் வாங்கித் தருவது?

இந்த ஸ்கேனுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு வேடிக்கை. அமெரிக்காவில் 2021 முதல் சொல்வது: 50 முதல் 80 வயது, குறைந்தது 20 "பெட்டி ஆண்டு", இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருஷம் தாண்டாதவர். ஒரு பெட்டியில் 20 சிகரெட். நாளுக்கு ஒரு பெட்டி வீதம் 20 வருஷம் குடித்தால் 20 பெட்டி ஆண்டு. நம் ஆளுக்கு வாருங்கள். நாளுக்கு ஆறு பீடி, பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தைந்து வருஷம். வகுத்துப் பாருங்கள், பத்தரை. பாஸ் இல்லை! அவர் பெட்டியாக வாங்கியதே இல்லையே. கடையில் காதில் சொருகிக்கொள்ள ஒன்று, தேத்தண்ணிக்குப் பிறகு ஒன்று. அதுவும் பீடியைச் சிகரெட் கணக்கில் போட ஒத்துக்கொண்ட வாய்ப்பாடு இல்லை. பீடிக்குள் புகையிலை குறைவு, உண்மைதான். ஆனால் அணைந்து அணைந்து போகும் என்பதால் அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டும். உள்ளே போகும் தாரும் நிக்கொட்டினும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல.

சில்லறையாக வாங்குவதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2015இலிருந்து நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் நோயின் படம் போட வேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம். ஒன்று ஒன்றாக வாங்குபவர் அந்தப் படத்தை எங்கே பார்க்கிறார்? கடைக்கார முதலாளிதான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை சொன்னது நோய்க்குறி இல்லாதவரைத் தேடிப்போய்ப் பார்ப்பது. இருமலோடு வந்து நிற்பவர் கதை வேறு. என்னைக் கேட்டால், நம் மலைக்கு முதலில் பார்க்க வேண்டிய கதை அதுதான். அதில் என் பிழையும் இருக்கிறது.

நான் இருந்த தோட்டத்தில் தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் ஒரு கவ்வாத்துக்கார அண்ணன். அவர் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால் சீப்பால் வாரியது போலிருக்கும். கத்தி ஒரு கையில், பீடி மறு கையில். இரண்டு மாத இருமலோடு வந்தார். எனக்கு முதலில் தோன்றியது டீபி. தோன்ற வேண்டியதும் அதுதான். சளிப் பரிசோதனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். முடிவு வந்தது, கிருமி இல்லை. "சளியில் ஒன்றும் இல்லை அண்ணே, பயப்படாதீங்க" என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. டீபி என்றால் லயத்தில் தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தனியாக வைப்பார்களே, அது இல்லை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்? மறுநாள் அவர் சம்சாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் இருமல் பாணி கொடுத்தேன், குளிசை கொடுத்தேன், திரும்பப் பாணி கொடுத்தேன். நாலு மாதம் போனது. சளியில் இரத்தம் வந்த பிறகுதான் எக்ஸ்ரேக்கு அனுப்பினேன். வலது பக்கத்தில் தேங்காய்ப் பாதி அளவுக்கு நிழல். பிறகு கண்டி, ஸ்கேன், சதைப் பரிசோதனை, கடைசியில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை. கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. அடுத்த தீபாவளி அவருக்கு வரவில்லை.

நாள் கணக்கையும் பாருங்கள். சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், எக்ஸ்ரேக்கு ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள், ஸ்கேனுக்குத் திகதி வாங்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள். மஹரகமவுக்குப் போவதற்கு முன்பே ஏழு பேர் போச்சு, அதாவது ஏழு நாள் வேலைக்குப் பெயர் விழவில்லை. சிங்களத்தில் எழுதிய அட்டையை வாசிக்கக் கூட ஒருவர் போனால் பதினாலு பேர். வைத்தியம் இலவசம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். ஆனால் பெயர் விழாத நாளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அதனால் "சளியில் ஒன்றும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த ஆள் மறுபடி வராமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

வெட்கமும் உண்டு. ஒரு பெரிய வைத்தியசாலையில், "குடிக்கும்போது நல்லா இருந்ததுதானே" என்று என் காதுபடவே ஒரு நோயாளியிடம் சொன்னார்கள். அடுத்த தடவை அவர், பீடியே தொட்டதில்லை என்று எழுதக் கொடுப்பார். டொக்டருக்குக் கிடைக்க வேண்டிய முக்கியமான தகவல் அங்கேயே போய்விடுகிறது.

அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. பீடி தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஜன்னல் இல்லாத சமையல் காம்பராவில் நாற்பது வருஷம் ஊதிய விறகடுப்புப் புகையை, உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற வரிசையில் வைத்திருக்கிறது. உங்கள் இருமலையும் இருமலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிகளுக்கு. விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் தொலைபேசி எண் 1948. நம் மலையகத் தமிழருக்கு 1948 என்றால் பிரஜாவுரிமை பறிபோன வருஷம். அதனால் மறக்க மாட்டீர்கள். ஸ்கேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் கண்டுபிடிக்கத்தான் செய்யும், பீடியை விடுவதுதான் வராமல் தடுக்கும் வழி.

மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, குரல் கம்முவது. இவற்றில் ஒன்று இருந்து, டீபி இல்லை என்று முடிவு வந்தால், "அப்படியானால் இது என்ன?" என்று கேளுங்கள். எக்ஸ்ரேக்கு எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் இருமல் நிற்கவில்லை என்றால் மறுபடி போய் நில்லுங்கள். சில கட்டிகள் எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அந்த அண்ணனின் காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் சம்சாரம் டிஸ்பென்சரிக்கு வந்தார். கோபம் எதுவும் இல்லை. பழைய துண்டை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அதை என் மேசையில் விரித்து, "இதுல ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்குன்னு சொன்னீங்களே டொக்டர் ஐயா, இது வேற ஆளோட துண்டா?" என்று கேட்டார்.

அவருடைய துண்டுதான் என்றேன்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரைக்கும், கிருமி இல்லை என்று வந்த ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். "சளியில் டீபி கிருமி இல்லை. இருமல் ஏன் என்று இன்னும் தெரியவில்லை, இரண்டு வாரத்தில் மறுபடி வரவும்."